பித்தளையில் செம்பு எத்தனை?

(இராமநாதபுரத்தில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மின்பணியாளர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். படகு வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறீர்கள். நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்ததுதான். அதன் பின்னால் இருக்கும் கணக்கைச் சொல்லத்தான் வந்தேன்.

சூரிய மின்சாரத்தைப் பற்றி எங்கே பேசினாலும் நம் மாவட்டத்தின் பெயர் வந்துவிடும். கமுதி வட்டம் செங்கப்படையில் அதானி நிறுவனம் அமைத்த 648 மெகாவாட் நிலையம் 2016 செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் அன்றைக்கு உலகிலேயே பெரியது அதுதான். ஏறக்குறைய 2,500 ஏக்கர், 25 லட்சம் பலகைகள், 4,550 கோடி ரூபாய் செலவு, எட்டு மாதத்தில் வேலை முடிந்தது என்று பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அதே பட்டியலில் இன்னும் சில எண்கள் இருந்தன, அவற்றை யாரும் அதிகம் பேசவில்லை: 3,80,000 அடித்தளங்கள், 27,000 டன் சட்டங்கள், 576 இன்வெர்ட்டர்கள், 154 டிரான்ஸ்பார்மர்கள், 6,000 கிலோமீட்டர் கேபிள்.

அத்தனை நீளக் கேபிளுக்கு எத்தனை முனைகள் இருக்கும்! ஒவ்வொரு முனையும் ஏதாவது ஒரு பெட்டிக்குள் நுழைந்தாக வேண்டும். நுழையும் வாயில் கிளாண்டு, உள்ளே முனையம், எர்த் கம்பி சேரும் இடத்தில் கவ்வி, பெட்டிக்குப் பெட்டி நியூட்ரல் லிங்க். சிறிய வீட்டுக் கூரை அமைப்பானாலும் பெரிய பண்ணையானாலும் இந்த இடங்களில் வழக்கமாகப் புழங்குவது பித்தளை. பலகையைப் புகைப்படம் எடுக்கிறார்கள். கிளாண்டை யாரும் எடுப்பதில்லை. என் பேச்சு கிளாண்டைப் பற்றியது.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. இவ்வளவு எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த அளவில் சேர்ந்தது? 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்தால் தோட்டாக் கூடு செய்யும் பித்தளை. மென்மையானது, இழுத்த இழுப்புக்கு வரும். 60-க்கு 40 என்றால் மன்ட்ஸ் உலோகம். 1832-ல் பர்மிங்காமைச் சேர்ந்த ஜார்ஜ் மன்ட்ஸ் காப்புரிமை வாங்கியது, மரக் கப்பல்களின் அடியில் தகடாக அடிப்பதற்கு. 70 செம்பு, 29 துத்தநாகம், 1 வெள்ளீயம் என்றால் அட்மிரால்டி பித்தளை. 76 செம்பு, 22 துத்தநாகம், 2 அலுமினியம் என்றால் அலுமினியப் பித்தளை. கடல்நீர் ஓடும் குழாய்களுக்கு அதைத்தான் தேடுவார்கள். இவை எல்லாவற்றையும் கடையில் ‘பித்தளை’ என்றே சொல்வார்கள். டெண்டரிலும் பல நேரம் அந்த ஒரே சொல்தான் இருக்கும்.

நம் கிளாண்டும் நட்டும் பெரும்பாலும் வேறொரு வகை. ஏறக்குறைய 58 செம்பு, 39 துத்தநாகம், 3 காரீயம். லேத்தில் வெட்டுவதற்கென்றே உருவான கலவை இது. இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 319 என்ற எண்ணில் வருகிறது. காரீயம் பித்தளையோடு கலந்து கரையாது, சின்னச் சின்னத் துளிகளாக உள்ளே நிற்கும். வெட்டுளி அந்தத் துளியில் படும்போது சீவல் நீளமாகச் சுருளாமல் பொடிப்பொடியாக உதிரும். மரை வெட்டுவது சுலபம், வேகம் கிடைக்கும், விலை இறங்கும். பித்தளை நட்டு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே அந்த 3 சதவீதக் காரீயம்தான்.

மின்சாரத்தைக் கடத்துவதில் பித்தளை அப்படியொன்றும் சிறந்ததல்ல. தூய செம்பின் கடத்துதிறனை 100 என்று வைத்தால் 70-30 பித்தளைக்கு 28 கிடைக்கும், லேத் பித்தளைக்கு 26. ஆகையால் மின்சாரம் ஓடும் நீண்ட பாதையில் செம்பும் அலுமினியமும் இருக்கும். பிடிப்பு, மரை, இறுக்கம் தேவைப்படும் குட்டை இடத்தில் பித்தளை வரும். இணைப்பு நன்றாக இருக்கும்வரை தொல்லை இல்லை. இணைப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஓம் தடை கூடினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு. கூரையில் ஒரு வரிசைப் பலகையில் 10 ஆம்பியர் ஓடுகிறது என்றால் அந்த இடத்தில் பிறக்கும் வெப்பம் 0.1 வாட், உங்களுக்குத் தெரியவே தெரியாது. பண்ணையில் பல வரிசைகள் சேரும் பெட்டியில் 200 ஆம்பியர் ஓடினால் அதே தடையில் 40 வாட். ஒரு சால்டரிங் இரும்பின் வெப்பம் அது. மூடிய பெட்டிக்குள், சித்திரை வெயிலில்.

சர்வதேச எரிசக்தி முகமை 2021-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கருவிகளுக்கு எந்த உலோகம் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டது. ஒரு மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு ஏறத்தாழ 2.8 டன் செம்பு. நிலத்துக் காற்றாலைக்கு 2.9 டன். கடலுக்குள் நிற்கும் காற்றாலைக்கு 8 டன். கரைவரை இழுக்கும் கேபிள்தான் அதைத் தூக்கிவிடுகிறது. அந்த விகிதத்தைக் கமுதிக்குப் போட்டுப் பார்த்தால் 1,800 டன் செம்பு வரும். இது சராசரியை வைத்துப் போட்ட மதிப்பீடு, எடைபோட்டுச் சொன்னதல்ல. அதே அறிக்கையில் எனக்குச் சுவையாகப் பட்டது துத்தநாகக் கணக்கு. சூரியப் பலகைப் பகுதியில் அது ஒரு மெகாவாட்டுக்கு வெறும் 30 கிலோ. காற்றாலையில் 5.5 டன்! பித்தளைக்காகவா அவ்வளவு? இல்லை. பெரும்பங்கு இரும்பின் மேல் பூசும் கால்வனைஸ் பூச்சுக்கு.

துத்தநாகத்துக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் இரும்போ செம்போ இருந்து, நடுவே உப்புநீரும் இருந்தால், அது முந்திக்கொண்டு கரையும். தான் கரைந்து மற்றதைக் காக்கும். கால்வனைஸ் என்பது இந்தக் குணத்தை நம்பிச் செய்யும் வேலை. விசைப்படகின் அடியில் நீங்கள் துத்தநாகக் கட்டி அடிக்கிறீர்களே, அதுவும் இதே நம்பிக்கைதான். பூச்சாகவும் கட்டியாகவும் இருக்கும்வரை அதன் சாவு நமக்கு லாபம். பித்தளைக்குள் செம்போடு ஒன்றாகக் கலந்திருக்கும்போதும் அது இதே குணத்தைக் காட்டுகிறதே, அங்கேதான் வம்பு. நட்டின் உள்ளிருந்தே துத்தநாகம் கரைந்து போகும். செம்பு மட்டும் நிற்கும், துளைதுளையாக, நுரைபோல. வடிவம் மாறாது. மரை அப்படியே தெரியும். நிறம் மட்டும் மஞ்சளிலிருந்து செம்மைக்குத் திரும்பியிருக்கும். ஸ்பேனர் வைத்தால் பிட்டுப் போய்விடும்.

இராமேசுவரத்திலும் மண்டபத்திலும் படகைக் கரையேற்றிப் பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. புரொப்பல்லர் இதழின் ஓரம் சிவந்து, சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்காமல் சத்தென்று கேட்கும். ‘மாங்கனீஸ் வெண்கலம்’ என்று சொல்லி விற்கிற புரொப்பல்லரில் 58 சதவீதம் செம்பு, 39 சதவீதம் துத்தநாகம், மீதி இரும்பு, மாங்கனீஸ், அலுமினியம். அதாவது பித்தளை. துத்தநாகக் கட்டியை மாற்றாமல் ஒரு பருவம் விட்டுவிட்டால் கட்டி செய்ய வேண்டிய வேலையை இதழில் இருக்கும் துத்தநாகம் செய்யத் தொடங்கும்.

கடலில் முழுகிக் கிடக்கும் இதழுக்கு நடப்பது கூரையில் இருக்கும் கிளாண்டுக்கு ஏன் நடக்க வேண்டும்? நம் காற்று அப்படி. பாம்பன் பகுதியை, அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்து உலகிலேயே அதிகம் துருவேறும் இடம் என்று ரயில்வே பொறியாளர்கள் சொல்லிச் சொல்லி அது ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டது. அந்த வரிசை எண்ணைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாலத்தைப் பெயின்ட் அடித்து அடித்தே காப்பாற்றினார்கள் என்பது உண்மை. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்சேன் பூச்சு, முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள் என்று போனதும் அந்தப் பாடத்தால்தான்.

இந்தக் காற்றை அறிவியலாக அளந்தவர்களும் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், நாம் ‘சிக்ரி’ என்கிறோமே, அதற்கு மண்டபம் முகாமில் ஓர் அரிமானக் களநிலையம் உண்டு. உலோகத் தகடுகளைச் சட்டத்தில் கட்டி வெயிலிலும் உப்புக்காற்றிலும் மாதக்கணக்கில் வைத்துத் தேய்மானம் பார்க்கும் இடம். இந்தியா முழுமைக்கும் அரிமான வரைபடம் வரைந்த நிறுவனம் அது. கமுதியில் பலகை வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நம் கரையின் குணம் பதிவாகிவிட்டது. அதைப் படிக்காமல் பொருள் வாங்குகிறோம்.

காற்றின் அரிக்கும் வலிமையை ஐ.எஸ்.ஓ. 9223 என்ற தரம் சி1 முதல் சி5 வரையும், அதற்கும் மேலே சிஎக்ஸ் என்றும் பிரிக்கிறது. சி3 வகை இடத்தில் துத்தநாகம் முதலாண்டில் 0.7 முதல் 2.1 மைக்ரான்வரை தேயும். சி5-ல் 4.2 முதல் 8.4 மைக்ரான். பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் மேல் 80 மைக்ரான் துத்தநாகப் பூச்சு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டு வேகமே நீடித்தால் சி3 இடத்தில் அது 38 ஆண்டுக்குக் குறையாமல் வரும். சி5 இடத்தில் பத்திலிருந்து பத்தொன்பது ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். பலகைக்கு உத்தரவாதம் 25 ஆண்டு! சட்டமே நிற்காதபோது பலகையின் ஆயுளைப் பேசி என்ன பயன்? செம்புக்குச் சி5-ல் தேய்மானம் 2.8 முதல் 5.6 மைக்ரான், மேல்தோல் கறுத்துப் பச்சைக் களிம்பு பூக்கும், அவ்வளவுதான், சீக்கிரம் சாகாது.

கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போனாலே காற்றிலுள்ள உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். செங்கப்படை கடலைவிட்டு நன்றாக உள்ளே தள்ளியிருக்கிறது. அங்கே சரியாக இருக்கும் பொருள் தங்கச்சிமடத்திலோ ஓலைக்குடாவிலோ சரியாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது. ஒரே மாவட்டம், ஒரே ஒப்பந்தக்காரர், ஒரே பொருள் பட்டியல். ஆனால் காற்று வேறு.

உப்பு ஏன் இவ்வளவு கொடியது? கறியுப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகக் கசிந்து நீராகும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 சதவீதமே போதும். நம் கரையில் அவ்வளவு வறண்ட நாள் ஏது? மழையே பெய்யாவிட்டாலும் கிளாண்டின் மரைக்குள் இரவும் பகலும் உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். வெளியே காற்றாடும் பித்தளை களிம்பேறிக் கிடக்கும், தாங்கும். மரையின் பொந்தில், பெட்டியின் அடியில், ரப்பர் வளையத்தின் கீழே, நீர் நகராமல் நிற்கும் இடத்தில்தான் துத்தநாகம் களவு போகும்.

இதைவிட மோசமான இடம் ஒன்று இராமேசுவரத்து விடுதி மாடிகளில் இருக்கிறது: சோலார் ஹீட்டர். யாத்திரிகர்களுக்கு வெந்நீர் வேண்டும். செப்புக் குழாய்கள், அவற்றின் முனையில் பித்தளை இணைப்புகள், ஓடுவதோ உப்பும் கடினமும் உள்ள கிணற்று நீர், அதுவும் சூடாக. துத்தநாகம் கரைவதற்கு வேண்டிய அத்தனையும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறது. மின்சாரப் பெட்டியில் பத்தாண்டில் வரும் கேடு இங்கே சீக்கிரமே வந்துவிடும். வயல்களில் சூரிய மோட்டார் வைத்திருப்பவர்கள் ஃபுட்வால்வையும் இணைப்புகளையும் இதே கண்ணோடு பாருங்கள். நம் மாவட்டத்து நிலத்தடி நீரின் உவர்ப்பை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மருந்து உண்டா? உண்டு, அதுவும் மிகச் சிறிய அளவில். செம்பு 63 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பித்தளைக்குள் ஒரே வகைப் படிகம்தான் இருக்கும், ஆல்ஃபா என்பார்கள். துத்தநாகம் 40-ஐ நெருங்கும்போது பீட்டா என்ற இரண்டாவது படிகம் பிறக்கும். அரிப்பு முதலில் பீட்டாவைத் தின்னும். ஆல்ஃபாவில் ஒரு கிலோவுக்கு அரை கிராம் அளவு ஆர்செனிக் சேர்த்துவிட்டால் துத்தநாகம் கரைவது ஏறக்குறைய நின்றுவிடும். ஆர்செனிக் என்றதும் முகம் சுளிக்காதீர்கள்; பாஷாணத்தை மருந்தாக்கிய சித்தர்கள் வாழ்ந்த மண் இது. ஆனால் பீட்டாவை ஆர்செனிக்கால் காப்பாற்ற முடியாது. ஆகவே மலிவான லேத் பித்தளையில் ஆர்செனிக்கைத் தூவிவிட்டுத் தப்பிக்க இயலாது. முதலில் செம்பைக் கூட்ட வேண்டும். 62 செம்பு, 36 துத்தநாகம், 2 காரீயம், துளி ஆர்செனிக் என்று ஒரு கலவை உண்டு. ஐரோப்பியத் தரத்தில் சிடபிள்யூ 602 என் என்பது அதன் எண். உருக்கிய பின் முறையாகச் சூடேற்றிப் பீட்டாவைக் கரைத்துவிடுவார்கள். அரிப்பைத் தாங்குமா என்று சோதிக்க ஐ.எஸ்.ஓ. 6509 என்ற முறை: 75 பாகை வெப்பத்தில் ஒரு சதவீதக் காப்பர் குளோரைடு கரைசலில் 24 மணி நேரம் முழுகவைத்து, பிறகு அறுத்து, செம்மை எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று நுண்ணோக்கியில் அளப்பார்கள்.

58-க்கும் 62-க்கும் உள்ள வித்தியாசம் நான்கே நான்கு. அந்த நான்கில்தான் வியாபாரமும் இருக்கிறது. துத்தநாகத்தைவிடச் செம்பு பல மடங்கு விலை. செம்பைக் குறைக்கிற ஒவ்வொரு சதவீதமும் யாரோ ஒருவருக்கு மிச்சம். நகைக் கடையில் 916 முத்திரை இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வாங்கிப் பார்க்கிறோம். கூரையில் 25 ஆண்டு வெயில் காயப்போகும் உலோகத்துக்கு எண் கேட்பதில்லை.

இன்னொரு கேடு, நம் ஊருக்கென்றே அமைந்தது மாதிரி. வெள்ளைக்காரப் பட்டாளம் இந்தியாவில் இருந்தபோது தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைப்பார்களாம். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டிருக்கும். அரித்த அடையாளமே இருக்காது. பருவத்தோடு வருவதால் ‘பருவ வெடிப்பு’ என்றே பெயர் வைத்தார்கள். 1921-ல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் காரணத்தைத் தெளிவாக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, காற்றின் ஈரம், இழுத்துச் செய்ததால் உலோகத்துக்குள் தங்கிய விறைப்பு. மூன்றும் கூடினால் பித்தளை வெடிக்கும். கூட்டை இளஞ்சூட்டில் வைத்து விறைப்பை எடுத்துவிட்டால் வெடிப்பதில்லை.

இனி நம் கரையை நினையுங்கள். கருவாடு காயும் களம், மீன் கழிவு குவியும் ஓரம், ஆட்டுக் கொட்டில், கோழிக் கூண்டு. எல்லா இடத்திலும் அம்மோனியாவும் அதன் உறவு வாயுக்களும் எழும். அதன் மேல் கூரையில் பலகை, சுவரில் பெட்டி, பெட்டியில் கிளாண்டு. “நல்லா இறுகட்டும்ணே” என்று ஸ்பேனரில் குழாயைச் செருகி முறுக்கினால் விறைப்பையும் நாமே கொடுத்துவிடுகிறோம். கிளாண்டுக்கு எவ்வளவு முறுக்கு என்று தயாரிப்பாளர் ஓர் அளவு சொல்லியிருப்பார். அதைத் தாண்டுவது பலம் சேர்ப்பதாகாது. கருவாட்டுக் களத்தை ஒட்டிய கட்டடங்களில் பித்தளையைத் தவிர்த்து, தரமான நைலான் கிளாண்டோ துருப்பிடிக்காத எஃகோ போடலாம் என்பது என் கருத்து. 316 வகை எஃகு, 304 அல்ல.

வேறு சில செய்திகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பித்தளைக்குக் கீழே அலுமினியமோ கால்வனைஸோ இருக்கும்படி வைக்காதீர்கள். மழைநீர் பித்தளையைக் கழுவிக்கொண்டு கீழே சொட்டும்போது செம்பின் துளி எச்சம் கூடவே வரும். அது பட்ட இடத்தில் அலுமினியம் குழி விழும். பலகையின் சட்டம் அலுமினியம் என்பதை மறக்க வேண்டாம். எர்த் கம்பியை வெறும் செம்பாகச் சட்டத்தில் கட்டாதீர்கள், ஈயம் பூசியது வேண்டும். சூரியக் கேபிளுக்குள் இருக்கும் செப்புக் கம்பிகளும் ஈயம் பூசியவையே. முன்பெல்லாம் தெருவில் “ஈயம் பூசலையா” என்று கூவிக்கொண்டு வருவாரே, அவர் அண்டாவுக்குள் பூசியதும் இதே வெள்ளீயம்தான்.

காற்றாலைப் பக்கம் கொஞ்சம். 1986-ல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் மாதிரிக் காற்றாலைகள் நின்ற காலத்திலிருந்து தென்மாவட்டங்களுக்கு அது பழக்கமானது. அதன் வயிற்றுக்குள் பித்தளை வேறு வேலை செய்கிறது. பெரிய பேரிங்குகளில் உருளைகளைப் பிரித்து நிறுத்தும் கூடு பல நேரம் கடைந்தெடுத்த பித்தளை. எண்ணெய் வற்றினாலும் எஃகோடு ஒட்டிப் பிடிக்காது, அதிர்வைத் தாங்கும். பல ஜெனரேட்டர்களில் கார்பன் பிரஷைப் பிடிக்கும் பிடிகளும் பித்தளையே. இவை மூடிய கூட்டுக்குள் எண்ணெயில் வாழ்கின்றன. உப்பு எட்டாதவரை பிழைத்துக்கொள்ளும். கடலுக்குள் நடக்கப்போவதுதான் பெரிய கதை. தேசியக் காற்றாற்றல் நிறுவனம் தனுஷ்கோடியில் அளவீட்டுக் கோபுரம் நிறுத்திக் காற்றைக் கணக்கெடுத்தது. 2024 ஜூனில் மத்திய அரசு 7,453 கோடி ரூபாய் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட். முன்பு சொன்ன விகிதப்படி நம் பங்குக்கு மட்டும் 4,000 டன் செம்பும் 2,750 டன் துத்தநாகமும் வேண்டும்.

இந்தச் செம்பு எங்கிருந்து வரும் என்று கேட்டால் அவையில் சற்று மௌனம் விழும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து மாவட்டத்தில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறனோடு இருந்த ஸ்டெர்லைட் உருக்காலை, 2018 மே 22 துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்த பின் மூடப்பட்டது. மூடல் செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. செம்பை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு இறக்குமதி செய்யும் நாடானது. இதை வைத்துக்கொண்டு, “பசுமை மின்சாரம் வேண்டுமென்றால் ஆலையைத் திறங்கள்” என்று பேசுகிறவர்களை நான் பார்க்கிறேன். அந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. மின்சாரத்தைத் தூய்மையாக்குவதற்கு ஓர் ஊரின் நீரையும் மூச்சையும் விலையாகக் கேட்க முடியாது. அதே சமயம், நாம் உருக்காத செம்பை வேறு நாட்டில் வேறு ஏதோ ஓர் ஊர் உருக்குகிறது என்பதையும் மறைத்துப் பேசக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே நம் கையில் இருக்கும் ஒரே வழி, ஏற்கெனவே பூமியிலிருந்து எடுத்த செம்பை வீணாக்காமல் திரும்ப எடுப்பது.

பித்தளைத் தொழில் அதைக் காலங்காலமாகச் செய்துவருகிறது. நம் நாட்டில் கிளாண்டும் முனையமும் பெரும்பாலும் குஜராத்தின் ஜாம்நகரிலிருந்து வருகின்றன. அங்கே உலைக்குப் போவது சுரங்கத்துச் செம்பைவிடப் பழைய பித்தளைதான். உலகெங்கிலும் இருந்து கப்பலில் வரும் காயலான் சரக்கு. நல்ல காரியம். ஆனால் காயலானில் என்ன கலந்து வருகிறதோ அது கிளாண்டிலும் வரும். இரும்பு கொஞ்சம், காரீயம் கூடுதல், எங்கிருந்தோ வந்த அலுமினியம். பிரித்து, அளந்து, திருத்தி உருக்குகிற பட்டறையும் உண்டு. அப்படியே ஊற்றுகிற பட்டறையும் உண்டு. இரண்டும் ஒரே மஞ்சளாகத்தான் மின்னும், மேலே நிக்கல் முலாம் பூசினால் அந்த மஞ்சளும் தெரியாது.

காரீயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்கருவிகளில் காரீயம் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று ஐரோப்பிய விதி சொல்கிறது. செம்புக் கலவைகளுக்கு மட்டும் 4 சதவீதம்வரை விலக்கு. லேத் பித்தளை உயிரோடிருப்பது அந்த விலக்கின் நிழலில். அது என்றைக்காவது எடுக்கப்படும். நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகள் சூரியப் பலகைகளையும் உள்ளே கொண்டுவந்துவிட்டன. உற்பத்தியாளர்கள் கழிவுப் பலகைகளை 2034-35வரை சேமித்துவைத்துக் கணக்குக் காட்ட வேண்டும். கமுதிப் பலகைகளுக்கு 25 ஆண்டு முடிவது 2041-ல். பலகையைப் பற்றியாவது விதி பேசுகிறது. அதனோடு கழற்றப்படும் லட்சக்கணக்கான பித்தளைத் துண்டுகள் எடைக்கடைக்குத்தான் போகும். எந்தத் துண்டு எந்தக் கலவை என்று அப்போது தெரிந்தால் நல்ல பித்தளையாகவே திரும்பும். தெரியாவிட்டால் இன்னும் கீழான கலவையாக ஊற்றப்படும். ஆகையால் எண்ணை இன்றைக்கே பில்லில் எழுதி வாங்குவது இருபது ஆண்டு கழித்து உருக்குகிறவருக்கும் உதவும்.

2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. பாம்பனிலும் இராமேசுவரத்திலும் கூரைகள் நிறையப் போகின்றன. வீட்டுக்காரர்கள் பலகையின் கம்பெனியைக் கேட்கிறீர்கள், இன்வெர்ட்டரின் கம்பெனியைக் கேட்கிறீர்கள். கூடவே மூன்று கேள்விகள் கேளுங்கள். கிளாண்டும் முனையமும் என்ன கலவை? உப்புக்காற்றுச் சோதனை செய்த பெட்டியா? கடற்கரைக்கு என்று தனியாக என்ன மாற்றினீர்கள்? பதில் வராவிட்டாலும், கேட்கிறார்கள் என்று தெரிந்தால் அடுத்த வீட்டுக்கு வேறு பொருள் வரும்.

மின்பணியாளர்களுக்குக் கையில் செய்யும் சோதனைகள் சில. காந்தத்தை வையுங்கள், கப்பென்று ஒட்டினால் உள்ளே இரும்பு. லேசாக இழுத்தால் அது நிக்கல் முலாமாக இருக்கலாம், பயப்பட வேண்டாம். மறைவான இடத்தில் அரத்தால் ஓர் இழுப்பு இழுங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. வெள்ளையாகத் தெரிந்து, கையிலும் கனம் குறைவாக இருந்தால் அது துத்தநாக வார்ப்பு. பித்தளை என்ற பெயரில் அதுவும் விற்கிறது. ஒரு கன சென்டிமீட்டர் பித்தளை 8.5 கிராம் இருக்கும், துத்தநாக வார்ப்பு 6.7 கிராம்தான். செம்பு 58-ஆ 62-ஆ என்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு நகைக் கடையில் தங்கத்தைச் சோதிக்க வைத்திருக்கும் எக்ஸ்ரே கருவியின் கொள்கையே போதும். காயலான் மொத்த வியாபாரிகள் கைத்துப்பாக்கி மாதிரி ஒன்று வைத்திருப்பார்கள். முலாமை அரத்தால் எடுத்துவிட்டுக் காட்டுங்கள், இல்லாவிட்டால் கருவி நிக்கலையே படித்துச் சொல்லும்.

மேடைக்குக் கீழே உள்ள மேசையில் நான்கு துண்டுகள் வைத்திருக்கிறேன். ஒன்று புதிய கிளாண்டு, குறுக்கே அறுத்தது. இன்னொன்று கடற்கரைக் கூரை ஒன்றிலிருந்து கழற்றியது, அதுவும் அறுத்தது. மரையின் ஓரத்தில் செம்மை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது பாருங்கள். மூன்றாவது புரொப்பல்லர் இதழின் நுனி. நான்காவது என்னவென்று நான் சொல்லவில்லை, அரமும் காந்தமும் பக்கத்திலேயே இருக்கின்றன. கேள்விகளை அங்கேயே வைத்துக்கொள்வோம்.